திருத்துவதற்கே கட்டணம்: இணையவழிக் கற்பித்தலும் நிலையான வருமானமும்

யுடெமி தளம் 2023-இல் தன் ஆசிரியர்களுக்கு ஒரு கால அட்டவணையை அறிவித்தது. சந்தா கட்டிப் பாடம் பார்ப்பவர்களிடமிருந்து வரும் வருவாயில் ஆசிரியர்களுக்கு அதுவரை ஒதுக்கிய பங்கு 25 சதவீதம். 2024 ஜனவரி முதல் அது 20 ஆகும், 2025-இல் 17.5 ஆகும், 2026-இல் 15 ஆகும். பாடம் அதே பாடம், பார்க்கிறவர்களும் அதே மாணவர்கள். ஆனால் மூன்று தவணையில் ஆசிரியரின் பங்கில் ஐந்தில் இரண்டு பாகம் போய்விட்டது. ஆசிரியர்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல அது. கேட்க வேண்டிய கட்டாயமும் தளத்துக்கு இல்லை. மாணவரின் பெயர், மின்னஞ்சல், பணம் கட்டும் வழி எல்லாமே தளத்தின் கையில்தான் இருக்கின்றன.

வீட்டிலிருந்தே பாடம் நடத்திப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையில் வேலையை விடுகிறவர்கள் தமிழ்நாட்டிலும் இன்று நிறையப் பேர். ஒருமுறை பதிவு செய்து வைத்துவிட்டால் தூங்கும்போதும் பணம் வரும் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அந்த நம்பிக்கையை விற்கவே தனியாகப் பாடங்கள் இருக்கின்றன. நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. பதிவு செய்த பாடத்தின் விலை இறங்கிக்கொண்டேதான் போகும். மாணவர் செய்வதைப் பார்த்து, பிழையைச் சொல்லி, மறுபடி செய்யவைக்கும் வேலைக்குத்தான் வருமானம் நிலைத்து நிற்கிறது. அதுவும் அந்த மாணவர் ஆசிரியரை நேரடியாக அறிந்தவராக இருந்தால் மட்டுமே.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். யுடெமியில் 3,000 ரூபாய்க்கு மேல் விலை குறித்த பாடம்கூடத் தள்ளுபடியில் 500 ரூபாயை ஒட்டித்தான் விற்கிறது. தள்ளுபடி இல்லாத நாள்தான் அபூர்வம். 499 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டி போக மிச்சம் சுமார் 423. தளத்தின் தேடல் வழியாக வந்த மாணவர் என்றால் ஆசிரியருக்கு அதில் 37 சதவீதம், அதாவது ஏறக்குறைய 156 ரூபாய். மாதம் 50,000 ரூபாய் வேண்டுமென்றால் 320 பேர் வாங்க வேண்டும். அடுத்த மாதம் வேறு 320 பேர். ஒருமுறை வாங்கியவர் அதே பாடத்தை மறுபடி வாங்கப் போவதில்லை. ஆசிரியர் தானே ஆள் பிடித்து, தன் இணைப்பின் வழியாக வாங்கவைத்தால் பங்கு 97 சதவீதம். அப்போது 120 பேர் சொச்சம் போதும். ஆனால் அந்த 120 பேரைத் தேடுவதே முழுநேர வேலையாகிவிடுகிறது. யூடியூபில் விளம்பர வருவாயில் 55 சதவீதம் படைப்பாளிக்கு என்பது தாராளமான பங்கு போலத் தெரியும். அந்தத் திட்டத்தில் விளம்பரப் பங்கு பெறவே வழக்கமாக 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் தேவை. பங்கு பெரிதாக இருந்தாலும், பங்கிட வரும் தொகை பெரும்பாலோருக்குச் சிறிது.

இது ஒரு தளத்தின் பேராசையால் மட்டும் வந்த நிலைமை அல்ல. பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் 1981-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரை இதன் இயக்கத்தை விளக்குகிறது. ஒருவரது வேலையைக் கூடுதல் செலவில்லாமல் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொண்டுசேர்க்க முடியும் என்றால், திறமையில் இருக்கும் சிறு வித்தியாசம் வருமானத்தில் மலையளவு வித்தியாசமாகிவிடும். முதலிடத்தில் இருப்பவரையே எல்லோரும் கேட்க முடியும்போது பத்தாம் இடத்தில் இருப்பவரை யார் தேடுவார்கள்? ரோசனுக்கு முன்பே ஆல்ஃபிரட் மார்ஷல் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருந்தார். திருமதி பில்லிங்டன் என்ற பாடகி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பருவத்தில் 10,000 பவுண்டு சம்பாதித்ததாகச் சொல்லப்பட்டது. மனிதக் குரல் எட்டும் ஆட்களின் எண்ணிக்கைக்கு எல்லை இருக்கும்வரை யாரும் அதைப் பெரிதாகத் தாண்ட முடியாது என்பது மார்ஷலின் கணிப்பு. ஒலிப்பதிவு அந்த எல்லையை உடைத்தது, இணையம் மிச்சத்தையும் உடைத்தது. பிரயாக்ராஜில் யூடியூபில் இயற்பியல் நடத்தத் தொடங்கிய அலக் பாண்டேயின் ஃபிசிக்ஸ் வாலா 2022-இல் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள நிறுவனமானதும், அதே பாடத்தை அதே அக்கறையோடு நடத்திய எத்தனையோ பேரின் சேனல்கள் சில நூறு பார்வைகளோடு நின்றதும் ஒரே காரணத்தால்தான். கவனிக்க வேண்டியது இன்னொன்று: அந்த நிறுவனமே 2022-இல் நேரடி வகுப்பறைகளைத் திறக்கத் தொடங்கியது.

பதிவுப் பாடத்துக்கு இன்னொரு நோயும் உண்டு. 2011 இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ருனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். உலகமே வகுப்பறையாகிவிட்டது என்று அன்று பேசினார்கள். 2012-இல் கோர்செராவும் யுடாசிட்டியும் எட்எக்ஸும் பிறந்தன. ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருய்பெரெஸ்-வாலியெந்தேயும் எட்எக்ஸில் ஹார்வர்டு, எம்ஐடி நடத்திய பாடங்களின் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18-இல் முழுதாக முடித்தவர்கள் 3.13 சதவீதம். இதைப் படிக்கிறவர்கள் மாணவர்களின் சோம்பலைத்தான் குறை சொல்கிறார்கள். ஆசிரியரின் வருமானத்துக்கு இதில் இருக்கும் செய்தி வேறு. முடிக்காதவர் அடுத்த பாடத்தை வாங்க மாட்டார், இன்னொருவரிடம் சிபாரிசும் செய்ய மாட்டார். ஆகவே ஆசிரியர் ஒவ்வொரு மாதமும் முன்பின் தெரியாதவர்களிடமே விற்றாக வேண்டும்.

தொலைவிலிருந்து கற்பிப்பது இணையத்தோடு வந்ததல்ல. ஐசக் பிட்மன் 1840-இல் தன் சுருக்கெழுத்து முறை முழுவதையும் ஒரே தாளில் அச்சிட்டு ஒரு பென்னிக்கு விற்றார். அதே ஆண்டுதான் பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் வந்தது. மாணவர்கள் பைபிள் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்ப, அவை திருத்தப்பட்டு அஞ்சலில் திரும்பிப் போயின. தமிழ்நாட்டின் தாலுகா ஊர்களில்கூட டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடிகளில் அந்தச் சுருக்கெழுத்து இன்றும் சொல்லித்தரப்படுகிறது. முறை புத்தகத்தில் இருக்கிறது, புத்தகம் கடையில் கிடைக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் படியேறிப் போவது தாங்கள் எழுதிய கோட்டைத் திருத்திக்கொள்ளத்தான்.

கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் இப்படித் திருத்திக் கற்பிப்பதன் பலனை 1984-இல் எண்ணில் காட்டினார். தனியாசிரியரிடம் படிப்படியாகத் தேர்ச்சி பெற்றுக் கற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் கற்றவர்களில் 98 சதவீதத்தினரை விஞ்சினார் என்பது அவர் முடிவு. பிற்கால ஆய்வுகள் அவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காணவில்லை. கர்ட் வான்லேன் 2011-இல் தொகுத்துப் பார்த்தபோது தனிப்பயிற்சியின் விளைவு 0.79 திட்ட விலக்கம் என்று வந்தது. புளூமின் 98 சதவீதம் இரண்டு திட்ட விலக்கத்துக்குச் சமம், அதோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனால் கல்வி ஆய்வில் இது பெரிய விளைவுதான்.

இனி, இந்த வாதத்தை நான் நம்புவதற்கு முக்கியக் காரணமான தொழிலுக்கு வருகிறேன். சென்னையிலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கர்நாடக சங்கீதம் சொல்லித்தருகிறவர்கள் கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே, ஸ்கைப் காலத்திலேயே, இதைத் தொடங்கிவிட்டார்கள். முதலீட்டாளர் இல்லை, விளம்பரம் இல்லை. அமெரிக்காவில் ஒரு வீட்டில் சொல்லிக்கொடுத்தால் அந்த ஊர்க் கோவில் நவராத்திரியில் பிள்ளை பாடும்; அதைக் கேட்ட இன்னொரு தாய் நம்பர் வாங்குவார். இப்படியே வளர்ந்த தொழில்.

மயிலாப்பூரில் காலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு. நியூஜெர்சியில் அப்போது முந்தைய நாள் இரவு எட்டரை. மடிக்கணினித் திரையில் ஒன்பது வயதுப் பெண், பக்கத்தில் சுருதிப் பெட்டி ஆப் ஓடும் டேப்லட். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை.

"சுருதி கேக்குதாம்மா? ஜூம்ல ஒரிஜினல் சவுண்ட் போட்டுக்கோ, இல்லேன்னா தம்புராவை அது அழுத்திடும்."

"போட்டுட்டேன் டீச்சர்."

பெண் பாடுகிறாள். இரண்டாவது ஸ்வரத்திலேயே ஆசிரியை கை காட்டுகிறார்.

"ரிஷபம் ஏறுது கண்ணா. ஸட்ஜமத்தை விட்டு ரொம்பத் தள்ளிப் போறே. கிட்டவே இருக்கணும். நான் பாடறேன், நீ மியூட் பண்ணிட்டுக் கேளு. அப்புறம் நீ மட்டும் பாடு."

இதே சரளி வரிசைக்கு யூடியூபில் இலவசக் காணொலிகள் குவிந்து கிடக்கின்றன. பிரபல வித்வான்களே பாடி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் ரிஷபம் ஏறுகிறது என்று எந்தக் காணொலியும் சொல்லாது. பாடுகிற குழந்தைக்கும் தன் காதில் அது விழாது. தோடியின் காந்தாரத்துக்கு வரும்போது இந்தத் தேவை இன்னும் கூடுகிறது. அசைவின் அளவையும் அது தொடங்கி நிற்கும் இடத்தையும் காதில் ஏற்றிக்கொள்ள வருடங்கள் ஆகும், அத்தனை வருடமும் யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சேர்ந்து பாடிக் காட்டாமல் மாறி மாறிப் பாடுவதற்குக் காரணம் இயற்பியல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் நியூஜெர்சிக்கும் இடையே நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கேபிள் வளையாமல் போனாலும் ஒரு பக்கத்துக்குக் குறைந்தது 65 மில்லி விநாடி. கேபிள்கள் சுற்றிப் போவதாலும், ஒலியைச் சுருக்கி விரிக்க நேரம் பிடிப்பதாலும் நடைமுறையில் அது இன்னும் பெரிதாகும். இசைக் கலைஞர்கள் ஒருவரோடொருவர் தாளம் சேர்ந்து போக 25, 30 மில்லி விநாடிக்கு மேல் தாமதம் இருக்கக் கூடாது. ஆகவே குரு பாடச் சிஷ்யை கூடவே பாடும் பழைய முறை இங்கே சாத்தியமில்லை. பிள்ளை தனியாகப் பாட வேண்டும், ஆசிரியர் கேட்க வேண்டும். நேர்வகுப்பில் ஆசிரியரின் குரலுக்குள் ஒளிந்துகொள்ளும் பிழைகள் இங்கே ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. குறைபாடு என்று நினைத்த ஒன்றே வகுப்பைத் திருத்தம் சார்ந்ததாக ஆக்கிவிட்டது. இணையவழிச் சங்கீத வகுப்பைத் தரக்குறைவாகப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

வருமானக் கணக்குக்கு ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். மணிக்கு 800 ரூபாய், வாரம் ஒரு வகுப்பு, 16 மாணவர்கள். மாதம் 64 மணிநேரம், 51,200 ரூபாய். மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து பேர் நின்றுபோனால் ஒரு மாணவர் சராசரியாக 20 மாதம் இருப்பார். வருடத்துக்குப் புதிதாகத் தேவைப்படுகிறவர்கள் பத்துப் பேர். யுடெமிக் கணக்கில் அதே தொகைக்கு மாதத்துக்கு 320 பேர், வருடத்துக்கு 3,840 பேர். பத்துப் பேரை வாய்வார்த்தையாகவே பெறலாம். 3,840 பேரைப் பெற விளம்பரம் வேண்டும், தேடல் வரிசையில் இடம் வேண்டும், தளத்தின் தயவும் வேண்டும்.

ஆனால் நேரத்துக்கு எல்லை உண்டு. இதிலிருந்து தப்பிக்க எல்லோரும் எடுக்கும் வழி குழு வகுப்பு. நான்கு பிள்ளைகளிடம் தலைக்கு 500 வாங்கினால் மணிக்கு 2,000. ஒவ்வொருவரும் தனித்தனியே பாடித்தான் ஆக வேண்டும் என்பதால் ஆளுக்குக் கால் மணிநேரம்கூடக் கிடைக்காது. ஆறு பேர், எட்டுப் பேர் என்று கூட்டினால் திருத்த நேரம் போதாது, வகுப்பு மெல்லக் காணொலியாகிவிடும், பெற்றோரும் அதைச் சீக்கிரமே உணர்ந்துகொள்வார்கள். குழுவின் அளவைத் தீர்மானிப்பது ஒரு மணிநேரத்தில் எத்தனை பிழையைக் கேட்க முடியும் என்பதுதான். பைத்தான் நிரல் எழுதவோ ஆங்கிலக் கட்டுரை எழுதவோ சொல்லித்தருகிறவருக்கு இந்த எல்லை சற்றுத் தளரும், ஏனென்றால் மாணவர் எழுதியதை வகுப்புக்கு வெளியே படிக்கலாம். ஆனால் 20 பேரின் வேலையை ஆளுக்குப் பத்து நிமிடம் பார்த்தால் மூன்று மணி இருபது நிமிடம் ஆகிறது. வகுப்பு நேரத்தை மட்டும் வைத்துக் கட்டணம் குறிக்கிறவர்கள் இந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சில மாதங்களில் களைத்துப்போய் மதிப்பெண் மட்டும் போட்டு அனுப்பத் தொடங்குவார்கள், மாணவர்கள் உதிர்வார்கள்.

பதிவிலேயே பெரும்பணம் செய்தவர்களைக்கூடக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்த வேலை தென்படுகிறது. தென் கொரியாவின் மெகாஸ்டடி தளத்தில் ஆங்கிலம் நடத்திய கிம் கி-ஹூன் ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் சம்பாதித்ததாக அமெண்டா ரிப்ளி 2013-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் எழுதினார். அவருடைய பதிவு விரிவுரை மணிக்கு 4 டாலர்தான். வாரத்துக்கு 60 மணிநேரம் உழைத்த அவர் விரிவுரைக்குச் செலவிட்டது மூன்று மணிநேரம். மற்ற நேரமெல்லாம் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில், பாடத் தயாரிப்பு, துணைநூல்கள். சுமார் 200 நூல்கள் எழுதியிருந்தார், முப்பது பேரை வேலைக்கு வைத்திருந்தார். தூங்கும்போது வந்த பணமல்ல அது. யுடெமியை நிறுவியவர்களில் ஒருவரான ககன் பியானியே 2020-களின் தொடக்கத்தில் மேவன் என்ற தளத்தைத் தொடங்கியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அங்கே விற்பது குறிப்பிட்ட நாளில் தொடங்கி, ஒரே பேட்ச் ஆகச் சேர்ந்து படித்து முடிக்கும் நேரலை வகுப்பு.

நேரலையில் கவனித்துச் சொல்லித்தந்தால் மட்டும் வருமானம் பாதுகாப்பாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். சீனக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த விஐபிகிட் நிறுவனத்தில் வட அமெரிக்க ஆசிரியர்கள் பல்லாயிரம் பேர் விடியற்காலையில் எழுந்து தனித்தனியே வகுப்பெடுத்தார்கள். மணிக்கு 14 முதல் 22 டாலர் வரை. அக்கறையாகத்தான் நடத்தினார்கள், குழந்தைகளும் ஒட்டிக்கொண்டார்கள். 2021 ஜூலையில் சீன அரசு தனிப்பயிற்சித் துறைக்குக் கட்டுப்பாடு விதித்தபோது வெளிநாட்டிலிருந்து ஆசிரியர்கள் பாடம் நடத்துவதும் தடைக்குள் வந்தது. சில மாதங்களில் வேலை போயிற்று. தாங்கள் வருடக்கணக்காகச் சொல்லித்தந்த குழந்தையின் பெற்றோரை எப்படித் தொடர்புகொள்வது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. மயிலாப்பூர் ஆசிரியையின் வாட்ஸ்அப்பில் அந்த அம்மாவின் எண் இருக்கிறது. ஜூம் நாளை மூடினாலும் வேறு செயலியில் வகுப்பு தொடரும். ஸ்கைப் 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டபோது சங்கீத வகுப்பு எதுவும் அதனால் நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த வேறுபாடு கூர்மையாகியிருக்கிறது. சாட்ஜிபிடியால் புதிய வாடிக்கையாளர் வருகை குறைகிறது என்று செக் நிறுவனம் 2023 மே மாதம் ஒப்புக்கொண்டதும் அதன் பங்கு ஒரே நாளில் கிட்டத்தட்டப் பாதியாகச் சரிந்தது. வீட்டுப்பாடத்துக்கு விடை விற்ற நிறுவனம் அது. விளக்கம் சொல்லும் பாடங்களுக்கு இது முதல் அடி. திருத்தும் வேலையிலும் இயந்திரம் நுழையும், நிரல் எழுதும் பாடங்களில் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. சுருதி விலகலைக் காட்டும் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் அடுத்த வாரம் ஒருவர் கேட்கப்போகிறார் என்ற எண்ணமே ஒன்பது வயதுப் பெண்ணைத் தினமும் கால்மணி நேரம் உட்காரவைக்கிறது. அந்த எதிர்பார்ப்பை இயந்திரம் உண்டாக்கும் என்று நான் நம்பவில்லை.

பதிவுக்கும் இதில் வேலை உண்டு. அன்றைய பாடத்தைப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிள்ளை வாரம் முழுக்க அதை வைத்துச் சாதகம் செய்யும். பொதுவில் போட்ட காணொலி புதிய மாணவரைக் கூட்டிவரும். இரண்டுக்கும் தனியாகக் காசு எதிர்பார்க்காமல் வகுப்புக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கிவிடுவது நல்லது.

கட்டணத்தை உயர்த்துவதில்தான் நம் ஆசிரியர்கள் மிகவும் தயங்குகிறார்கள். வில்லியம் பாமலும் வில்லியம் போவனும் 1966-இல் நிகழ்த்துகலைகளைப் பற்றி எழுதிய நூல் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. நால்வர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நால்வர்தான் வாசிக்க வேண்டும், அதே நேரம்தான் ஆகும். மற்றத் தொழில்களில் உற்பத்தி பெருகிச் சம்பளம் ஏறும்போது கலைஞரின் கட்டணமும் ஏறாவிட்டால் அவர் அந்தத் தொழிலில் நீடிக்க முடியாது. ஒரு மணி வகுப்பை நாற்பது நிமிடத்தில் முடித்துத் திறன் கூட்ட முடியாது. அப்படியிருக்க, ஐந்து வருடமாக ஒரே கட்டணம் வாங்குகிறவர் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். மாணவர் சேரும்போதே வருடாந்திர உயர்வைச் சொல்லிவிட்டால் பிறகு யாருக்கும் சங்கடமில்லை. வரி பற்றி இரண்டு வரி: ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் என்றால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, தாண்டினால் 18 சதவீதம், கலை, பண்பாட்டுப் பயிற்சியைத் தனிநபர் அளித்தால் விலக்கு உண்டு. வருமான வரி வேறு, இந்த விலக்கு அதற்குப் பொருந்தாது.

மறந்துவிடும் இன்னொரு விஷயம் நாள்காட்டி. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணிநேரம் மாறும். நியூஜெர்சியின் எட்டரை மணி அப்படியே இருக்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் மயிலாப்பூரில் ஆறு மணி வகுப்பு ஏழு மணிக்குப் போகும். அது ஆசிரியையின் சொந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம். ஆகவே குளிர்காலத்துக்கு வேறு அட்டவணை போட்டாக வேண்டும். ஜூன், ஜூலையில் குடும்பங்கள் ஊருக்கு வருவதும் போவதுமாக வகுப்புகள் விட்டுப்போகும். டிசம்பரில் ஆசிரியைக்கே கச்சேரி, சபா. கூட்டிக் கழித்தால் பன்னிரண்டு மாதத்தில் பத்து மாத வருமானம்தான் கைக்கு வரும். 51,200 ரூபாயைப் பத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 42,667. மாதம் 50,000 தேவைப்படுகிறவர் அதே 16 மாணவர்களை வைத்துக்கொண்டு மணிக்கு 800 அல்ல, 940 கேட்க வேண்டும்.